செஞ்சியின் குதிரை லாயம்

செஞ்சி என்றால் தேசிங்கு ராசன். தேசிங்கு என்றால் குதிரை. 1714-இல் அவன் போரில் மாண்ட கதையை அறியாதார் நம் மாவட்டத்தில் அரியர். ஆனால் குதிரைகள் கட்டிய லாயத்தை நின்று பார்ப்பவர் எத்தனை பேர்?

ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலை அடுத்து, வளைவு வாயில்கள் கொண்ட அறைகள் வரிசையாக நிற்கின்றன. குதிரை லாயம் என்று வழங்கும் இவற்றின் அழகும் வலிமையும் அந்த வளைவிலேயே உள்ளன.

கல்லும் செங்கல்லும் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்கா. நேராகக் கிடத்திய கல் உத்திரம் பாரம் மிகுந்தால் அடிப்புறத்தில் விரிசல் காண்பது இதனால்தான். வளைவிலோ ஒவ்வொரு கல்லும் அடுத்ததை அழுத்துகிறது. பாரம் இருபுறமும் இறங்கி, தாங்கும் சுவரை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. வரிசையாகக் கட்டும்போது ஒரு வளைவின் தள்ளுதலை அடுத்த வளைவு ஈடுசெய்கிறது. கடைக்கோடியில் மட்டும் கனத்த சுவர் வேண்டும். நாம் வகுப்பில் படிக்கும் விசைகளின் சமநிலை இதுவே.

இம்முறை பழங்கதை அன்று. ஆரோவில்லில் 1989-இல் தோன்றிய மண் கட்டடக் கலை நிறுவனம், அழுத்திச் செய்த மண்கற்களால் இரும்புக் கம்பியின்றியே வளைவுக் கூரை அமைக்கக் கற்பிக்கிறது. மரக்காணத்து உப்புக்காற்றில் கம்பி துருவேறிக் காரை பெயர்வதைக் கண்டவர்க்கு இதன் அருமை விளங்கும்.

2025-இல் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம்பெற்றது. இனி அங்குச் செல்லும்போது மலையேறும் முன் லாயத்தையும் சற்று நின்று காண்போமாக.