திரும்பி வரும்போது நேரம் எங்கே போனது?

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிங்கப்பூர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டிருக்கும் கேள்வி அருமை. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் காலை 6 மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறது. ஏழு மணி நேரம். திரும்பும்போது மாலை 6 மணிக்குக் கிளம்பி 7.40க்கெல்லாம் மீனம்பாக்கம். "இதில் எது தப்பு மாமா?" என்கிறாய்.

இரண்டும் சரிதான். டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணியைத்தான் போடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கழி, நாலரை மணி நேரம். வரும்போது கூட்டு, நாலு மணி பத்து நிமிடம்.

அந்த இரண்டரை எப்படி வந்தது என்பது அழகான கதை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. சென்னை கிழக்கே 80 டிகிரியில் இருக்கிறது, சிங்கப்பூர் 104இல். 24 டிகிரிக்குச் சூரியக் கணக்கில் 1 மணி 36 நிமிடம்தானே வர வேண்டும்? மீதி 54 நிமிடம் மனிதர்கள் வைத்தது. நம் கடிகாரம் 82.5 டிகிரிக் கோட்டை வைத்து ஓடுகிறது. சிங்கப்பூரோ 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து முள்ளை அரை மணி முன்னே தள்ளி, 120 டிகிரிக் கோட்டின் நேரத்துக்கு மாறியது. அதனால்தான் அங்கே சூரியன் எழவே ஏழு மணியாகிறது.

இனி தூரம். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடி. அதுதான் மிகக் குறுகிய வழி, சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர்ந்ததுமே கணக்குத் தொடங்கிவிடும். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, மெல்ல இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றையும் மறக்காதே. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று வீசுகிறது. நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த மாதங்களில் சென்னைக்குத் திரும்பும் விமானத்தை அது முதுகில் கைவைத்துத் தள்ளும். வடக்கே போனால் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டு, அந்தக் காற்றின் போக்கிலேயே பசிபிக் வழியாக அனுப்பியது. 13,900 கி.மீ. 15,300 ஆனது, பயணமோ சுமார் இரண்டு மணி நேரம் குறைந்தது!

உன் இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால், அதில் 'தரைவேகம்' (தரையைப் பொறுத்து விமானம் போகும் வேகம்) என்று ஓர் எண் ஓடும். போகும்போதும் வரும்போதும் நடுக்கடலில் அதைக் குறித்துவைத்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா