ஒரே புள்ளி, வேறு வேறு குறை

மாணவர்களே, சோதனைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? புள்ளியைத்தானே! ஆனால், உங்களுக்கு எது புரியவில்லை என்பதை அந்த எண் சொல்வதில்லை.

பின்னக் கழித்தலில் ஐந்து கேள்விகள் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பகுதி எண்களைச் சமப்படுத்தத் தெரிய வேண்டும். அடுத்த இரண்டுக்கு முழு எண்ணிலிருந்து கடன் வாங்கத் தெரிய வேண்டும். ஐந்தாவதற்கு இரண்டு திறனும் தேவை. முகிலன் முதல் இரண்டையும், தர்ஷினி அடுத்த இரண்டையும் மட்டும் சரியாகச் செய்கிறார்கள். இருவருக்கும் 5-க்கு 2 புள்ளி. ஆனால், முகிலன் கற்க வேண்டியது வேறு. தர்ஷினி கற்க வேண்டியது வேறு.

எந்தக் கேள்விக்கு எந்தத் திறன் தேவை என்று அட்டவணையிட்டு, சரி, தவறு வரிசையிலிருந்து குறையைக் கண்டறிய உதவும் புள்ளியியல் மாதிரிகள் உள்ளன. 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் கிகுமி தட்சுவோகா இத்துறைக்கு அடித்தளமிட்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இன்று பரவலாகப் பயன்படும் மாதிரிகளில் ஒன்று ‘டினா’.

தெரிந்ததா, ஊகித்ததா?

நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும் சரியாக அமைய 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தெரிந்தவரும் கவனக்குறைவால் தவறலாம். அதை 10 விழுக்காடு எனக் கொள்வோம். ‘டினா’ இவ்விரண்டையும் கணக்கில் சேர்க்கிறது.

திறன் உள்ளவர் 100 பேர், இல்லாதவர் 100 பேர். ஒரு கேள்விக்குச் சரியாக விடையளிப்போர் 90 + 25 = 115 பேர். ஆகவே, சரியாக எழுதியவருக்குத் திறன் இருக்கும் வாய்ப்பு 90/115, அதாவது 78 விழுக்காடு. அதே திறனைச் சோதிக்கும் இரண்டு கேள்விகளும் சரி என்றால், முதல் குழுவில் 81 பேர், இரண்டாம் குழுவில் ஏறக்குறைய 6 பேர். வாய்ப்பு 93 விழுக்காடாக உயர்கிறது. ஒரு திறனுக்கு ஒரே ஒரு கேள்வி போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

தவறான விடையும் பேசும்

3⅕ − 1⅘ = ? சரியான விடை 1⅖. ஒருவர் 2⅗ என்பதைத் தேர்ந்தால், அவர் கடன் வாங்காமல், பெரிய பின்னத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கக்கூடும். இப்படிச் சிந்தித்து அமைத்த தவறான விடைகளையும் சில மாதிரிகள் தடயமாகக் கொள்கின்றன.

எனினும், திறன் அட்டவணையைத் தயாரிப்பவர் மனிதரே. அது தவறானால் முடிவும் தவறாகும். கணினி சொல்வது வாய்ப்பை மட்டுமே, தீர்ப்பை அன்று.

அடுத்த முறை தாள் கைக்கு வந்ததும், தவறிய கேள்விகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், அவற்றுக்குப் பொதுவான திறன் எது என்று தேடுங்கள்.

முயன்று பாருங்கள்: மேற்கண்ட 200 பேரில் ஒருவர், அதே திறனுக்கான இரண்டு கேள்விகளில் முதலாவதைச் சரியாகவும் இரண்டாவதைத் தவறாகவும் செய்கிறார். அவருக்கு அத்திறன் இருக்கும் வாய்ப்பு என்ன?

(விடை: ஏறக்குறைய 32 விழுக்காடு)