இல்லத்தில் எழும் திரையொலி

ஓர் ஒலி ஒரு செவியை முன்னும் மற்றொரு செவியைச் சற்றுப் பின்னும் சென்று சேரும். அச்சிறு வேறுபாட்டைக் கொண்டே அஃது எத்திசையில் எழுந்தது என மாந்தர் உணர்வர். இவ்வியல்பைத் துணையாகக் கொண்டு அமைந்ததே சூழொலி. காண்போர்க்கு முன்னே மூன்றும், பக்கங்களில் இரண்டும் ஆக ஐந்து ஒலிபெருக்கிகள் இதற்கு வேண்டும். இடி, வெடி முதலிய ஆழ்ந்த ஒலிக்கென ஆறாவது ஒன்றும் உண்டு. அது தாழ்ந்த ஒலிகளை மட்டுமே ஏற்பதால், அதனைப் புள்ளி ஒன்றாகக் குறித்து, இவ்வமைப்பை 5.1 என்பர்.

1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' என்னும் படத்தோடு டால்பி டிஜிட்டல் திரையரங்குகளில் அறிமுகமாயிற்று. படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையிலேயே ஒலி பதியப்பெற்றது. மறு ஆண்டு 'ஜுராசிக் பார்க்' படத்தோடு டி.டி.எஸ். வந்தது. இம்முறையில் ஒலி தனி வட்டில் இருக்கும். சுருளில் உள்ள காலக்குறி அவ்வட்டைப் படத்தோடு இணைந்து ஓடச் செய்யும். பின்னர் இரண்டும் டி.வி.டி. வழியே இல்லங்களில் பரவின.

பறை முழங்குங்கால் அருகே மெல்லப் பேசுவோர் குரல் கேளாது. அவ்வாறு செவிக்கு எட்டாதவற்றை நீக்கி ஒலியைச் சுருக்குவது டால்பி முறை. டி.வி.டி.யில் அதன் அளவு நொடிக்கு 448 கிலோபிட்டை மிகாது. டி.டி.எஸ். அளவோ 1,509, பல வட்டுகளில் அதிற் பாதி. ஆகவே டி.டி.எஸ். மும்மடங்கு சிறந்தது எனப் பலர் வாதிட்டனர். பாலின் தரத்தைக் குடத்தின் அளவு கொண்டு மதிப்பார் உண்டோ?

இவ்வாதத்தில் மற்றொரு மயக்கமும் உண்டு. உரையாடல் எல்லாப் படங்களிலும் ஒரே அளவாய் ஒலிக்கும்பொருட்டு, டால்பி முறையில் கருவியே ஒலியைத் தாழ்த்தும். பெரும்பாலும் இது 4 டெசிபல் ஆகும். அதனால், திருகியை மாற்றாது கேட்போர்க்கு டி.டி.எஸ். உரத்து ஒலித்தது. செவியோ, உரத்ததைச் சிறந்ததென்று கொள்ளும் இயல்பினது. இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து, எது ஒலிக்கிறது என்று கேட்போர் அறியாவண்ணம் மாற்றிக் காட்டுவதே முறையான சோதனை.

2006-இல் புளூ-ரே வட்டு வந்தபின் இவ்வழக்கே பொருளற்றதாயிற்று. அதில் இடம்பெறும் டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. மாஸ்டர் ஆடியோ ஆகிய இரண்டும், மடித்த பட்டாடையை மீண்டும் விரித்தாற்போல, மூல ஒலியைச் சிறிதும் குறையாது மீட்டுத் தருவன. மூலம் ஒன்றாயின் இரண்டிற்கும் வேற்றுமை இல்லை. ஒலிபெருக்கிகளை வைக்கும் இடமே கேட்போர்க்குப் பெரிய வேற்றுமை காட்டும். பக்கத்தன இரண்டும் செவிக்குச் சற்றுப் பின்னே நிற்றல் வேண்டும். நடுவில் உள்ளதை அலமாரிக்குள் மறைத்தால் உரையாடல் மங்கும்.