முதலில் நூலகம், பிறகு மேடை

கதை எழுதத் தொடங்குகிறவர்கள் இணையத்தில் முதலில் தேடுவது, எங்கே வெளியிடலாம் என்பதைத்தான். எதை வாசிப்பது, எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தேடுகிறவர்கள் குறைவு. தமிழில் புனைவு எழுதுகிறவருக்கு இணையம் தந்திருக்கும் பெரிய கொடை அதன் நூலகங்கள் என்றே நினைக்கிறேன். ஒரு காலத்தில் கு.ப.ரா.வின் தொகுப்பைத் தேடி ஊர் ஊராக நூலகம் ஏறி இறங்கியவர்கள் உண்டு. இன்று அந்தக் கதைகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அதைப் பயன்படுத்தாமல் நேரே மேடைக்கு ஓடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

செய்ய வேண்டியவை

முன்னோடிகளை வரிசையாக வாசியுங்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் புனைவுகள் வரை தன்னார்வலர்களே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய இதழ்களும் ஸ்கேன் செய்த வடிவில் உள்ளன. ஈழத்து எழுத்துக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தை விட்டால் வேறு வழியில்லை. டொமினிக் ஜீவா 1966 முதல் நடத்திய ‘மல்லிகை’ இதழ்களை அங்கே புரட்டலாம். தமிழ்நாட்டில் எழுதவரும் பலர் ஈழத்துச் சிறுகதையை ஒன்றிரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

பத்துப் பேரின் கதைகளில் ஒவ்வொன்றை வாசிப்பதைவிட, ஒருவரின் பத்துக் கதைகளைத் தொடர்ந்து வாசிப்பது அதிகம் கற்றுத்தரும். அவர் எந்த இடத்தில் கதையைத் தொடங்குகிறார், உரையாடலில் எதைச் சொல்லாமல் விடுகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதெல்லாம் நாலாவது கதையிலிருந்து தெரிய ஆரம்பிக்கும். புதுமைப்பித்தனிடமிருந்து தொடங்குங்கள். ஒரே ஆள் இத்தனை விதமாக எழுத முடியுமா என்ற வியப்பே பாதிப் பாடம்.

அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. இன்றைய வழக்குக்கு, 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. எழுத்துப்பிழை பார்க்க நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’யும், சந்திப்பிழைக்கு அவருடைய ‘நாவி’யும் இருக்கின்றன. ஆனால் கருவி காட்டும் எல்லாத் திருத்தத்தையும் ஏற்க வேண்டாம். உங்கள் பாத்திரம் பேசும் வட்டாரப் பேச்சையும் அது பிழை என்றே காட்டும். அங்கே கை வைக்காதீர்கள்.

பழைய காலத்தில் கதை நடக்கிறதென்றால் காலத்தைச் சரிபாருங்கள். சென்னை ராஜதானியின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது 1856 ஜூலையில். 1850இல் உங்கள் நாயகன் ரயில் ஏறினால் கவனமான வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். இண்டர்நெட் ஆர்க்கைவில் அந்நாளைய மாவட்டக் கையேடுகள் கிடைக்கின்றன. 1868இல் வந்த நெல்சனின் மதுரை நாட்டு நூல் அவற்றில் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டைத் தொடப்போகிறவர் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வாசிக்காமல் பேனாவை எடுக்கவே கூடாது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் கப்பல் வந்த செய்தி, வியாபாரப் பேச்சு, துரைமார் சச்சரவு, ஊர் வதந்தி எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. அரசர்கள் எந்த ஆண்டு எங்கே போரிட்டார்கள் என்பதைப் பாடநூலே சொல்லிவிடும். ஒரு துபாஷி காலையில் யார் வீட்டுக்குப் போனார், அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதுதான் கதைக்கு வேண்டிய சங்கதி.

பேச்சைக் காதால் கேளுங்கள். யூடியூபில் மீனவர், சந்தை வியாபாரி, நெசவாளர் என்று அந்தந்த ஊர்க்காரர்களே பேசும் காணொளிகள் கொட்டிக்கிடக்கின்றன. வட்டார வழக்கை சினிமாவிலிருந்து எடுப்பதைவிட இது நூறு மடங்கு நல்லது. எழுத்தாளர்களின் உரைகளுக்கு ஸ்ருதி டிவி. உலக இலக்கியம் பற்றி எஸ். ராமகிருஷ்ணன் ஆற்றிய உரைகளைத் தவறவிடாதீர்கள். ஆங்கிலம் புரிந்தால் பிராண்டன் சாண்டர்சனின் கல்லூரி வகுப்புகளும் முழுதாகவே கிடைக்கின்றன.

கதை முடிந்ததும் இணைய இதழ்களுக்கு அனுப்புங்கள். 1999இல் தொடங்கிய திண்ணை, 2009இல் தொடங்கிய சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் என்று வாசல்கள் பல. அனுப்பும் முன் அந்த இதழில் வந்த நாலைந்து கதைகளையாவது படித்துவிடுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்பினால் ஆசிரியருக்கு வேலை குறையும். ஒரு சமயத்தில் ஒரு இதழுக்கு மட்டும்.

செய்யக்கூடாதவை

கதையை முதலில் ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் எங்கும் வெளிவராத படைப்பையே கேட்கின்றன; உங்கள் பக்கத்தில் போட்டதும் வெளியீடாகவே கருதப்படலாம். தவிர, இரண்டு மணி நேரத்தில் விழும் நாற்பது இதயக்குறிகள் அந்தக் கதையைத் திருத்தி எழுதும் ஆசையைக் கொன்றுவிடும்.

உரிமை பற்றிய பத்தியைப் படிக்காமல் சம்மதம் தராதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19இன்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு சொல்லப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். சட்டம் உங்கள் பக்கம் இவ்வளவு தூரம் நிற்கும்போது, ‘அனைத்து உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்ற ஒரு வரிக்குத் தலையாட்டி அதையெல்லாம் கைவிடாதீர்கள். போட்டிக்கு அனுப்பிய கதை பரிசு பெறாவிட்டாலும் நடத்துபவருக்கே சொந்தம் என்று விதி இருந்தால், அந்தப் போட்டியே வேண்டாம். ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியாகப் பேசுங்கள்.

கிண்டிலில் ஏற்றும்போது கேடிபி செலக்ட் பெட்டியை யோசிக்காமல் டிக் செய்ய வேண்டாம். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்நூல் வேறெங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, இருக்கக்கூடாது. நிறுத்தாவிட்டால் தானாகவே நீளும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் இதில் சேர்ந்தாக வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

புத்தகம் போட்டுத்தருகிறோம் என்று பணம் கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகக் கட்டணம் கேட்டால் அங்கேயே விழித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு நிறுவனம் வலியவந்து பேசினால் ‘ரைட்டர் பிவேர்’ தளத்தில் அதன் பெயரைத் தேடிப்பாருங்கள். விக்டோரியா ஸ்ட்ராஸும் ஏ. சி. கிறிஸ்பினும் தொடங்கிய அந்தத் தளம் ஏமாற்றுப் பதிப்பகங்களைப் பல ஆண்டுகளாக அம்பலப்படுத்தி வருகிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கதையை எழுதச் சொல்லாதீர்கள். அப்படி வந்து குவிந்த கதைகளால் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் 2023 பிப்ரவரியில் படைப்புகள் பெறுவதையே சில காலம் நிறுத்தவேண்டி வந்தது. தகவல் கேட்டாலும், அது சொல்லும் நூற்பெயரையும் ஆண்டையும் மேலே சொன்ன நூலகங்களில் ஒருமுறை பார்த்த பிறகே கதைக்குள் கொண்டுவாருங்கள்.

எழுதுவது எப்படி என்ற காணொளிகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு போதும்.

டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப்களைத் தொடாதீர்கள், பகிராதீர்கள். இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1948இல் மறைந்த புதுமைப்பித்தனைத் தாராளமாகத் தரவிறக்கலாம். 2005இல் மறைந்த சுந்தர ராமசாமியின் எழுத்துக்கு 2065 முடியும் வரை காப்பு உண்டு. நாளை உங்கள் புத்தகமும் விற்பனைக்கு வரும். பதிப்பாளர் தரும் சொற்ப ராயல்டியும் அந்தக் குழுக்களில்தான் கரைந்துபோகும். வாங்க வசதியில்லாதபோது மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து நாள் முழுக்க வாசிக்கக் காசு கேட்பதில்லை.