வைக்கோல் அல்ல, உலர்புல்: புதிதாகக் குதிரை வளர்ப்போருக்கு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் 'ஹே' என்றதும் நம்மவர் வாயில் வருவது வைக்கோல். அது நெல் அறுத்தபின் மிஞ்சும் தாள். மாடு அசைபோட்டுச் செரித்துவிடும். குதிரை அசைபோடாது, வைக்கோலையே உணவாகப் போட்டால் சத்தும் போதாது, குடலும் அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு வேண்டியது, கதிர் முற்றுமுன் பச்சையாக அறுத்து வெயிலில் உலர்த்திக் கட்டிய புல்.

குதிரைப் பந்தயக் கழகமான சிலாங்கூர் டர்ஃப் கிளப் 1896-இல் தொடங்கியது. இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் அம்பாங் சாலைப் பக்கம்தான் அதன் பந்தயத் திடல் இருந்தது. பிறகு சுங்கை பீசிக்கு மாறியது. இடம் மாறினாலும் லாயத்துச் சைஸ்களுக்கு (குதிரைக்காரர்களுக்கு) இந்தப் புல்லால் வரும் தலைவலி ஒன்றுதான்: ஈரம். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் ஆஸ்திரேலியக் கட்டானாலும், உள்ளூரில் நேற்றுக் கட்டியதானாலும் இது பொருந்தும்.

படி 1: கையை விட்டுப் பாருங்கள்

லாரியிலிருந்து இறக்கும்போதே ஒரு கட்டை வெட்டிப் பிரியுங்கள். பச்சை நிறமும் இனிய வாசமும் இருந்தால் நல்லது. உதறும்போது வெள்ளைப் புகைபோல் தூசி கிளம்பினால் அது பூஞ்சை; திருப்பி அனுப்புங்கள். நடுவில் முழங்கை வரை கை விடுங்கள். புட்டுக்குழாயைத் தொட்டதுபோல் சூடடித்தால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது. சிறிய கட்டில் ஈரம் நூற்றுக்கு 15 முதல் 18-க்குள் இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் பூஞ்சை கட்டும்.

படி 2: சூடு அடங்கும்வரை காத்திருங்கள்

புதுக்கட்டு சில வாரங்களுக்கு 'வியர்க்கும்'. உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் ஈரத்தில் பெருகி, புல்லின் சத்தைத் தின்று வெப்பத்தைக் கக்கும். அதனால் நான்கு முதல் ஆறு வாரம் தனியே வைப்பது நல்லது. முதல் மூன்று வாரம் நாள்தோறும் ஓர் இரும்புக் கம்பியை அடுக்கின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கம்பியைக் கையில் பிடிக்க முடியாவிட்டால் ஆபத்து. வெப்பமானியில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் யாரையும் அடுக்கின்மேல் ஏறவிடாதீர்கள். அதற்கும் மேலே போனால் கட்டுகளைப் பிரிக்க முயலவே கூடாது. காற்றுப் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். 999-ஐ அழைத்து போம்பாவை (தீயணைப்புப் படையை) வரச் சொல்லுங்கள்.

படி 3: அடுக்கும் முறை

சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்காதீர்கள்; அடிக்கட்டு கறுத்துவிடும். மரப் பேலட் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி, கட்டுகளுக்கிடையே விரல் நுழையும் இடம் விட்டு அடுக்குங்கள். தார்ப்பாயால் இறுக மூடினால் வியர்வை உள்ளேயே தங்கும். மதிய இடிமழைக்குச் சாரல் அடிக்காத கூரையும், இருபக்கம் காற்றும் போதும். பழையதை முன்னே இழுத்துப் புதியதைப் பின்னே தள்ளுங்கள்.

படி 4: எவ்வளவு, எப்படி

உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ. கட்டிலிருந்து 'இரண்டு அடுக்கு' என்று கண் அளவில் பிரித்துப் போடாதீர்கள். தூக்குத் தராசு மலிவு. மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். வயிறு நெடுநேரம் காலியாக இருந்தால் இரைப்பைப் புண் வரும்.

புதுப்புல்லுக்கு மாற்றும்போது பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். அவசரப்பட்டால் கோலிக் எனும் வயிற்றுவலி. இருமும் குதிரைக்கு நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து வடித்துக் கொடுங்கள். நம் வெயிலில் நனைந்த புல் சீக்கிரம் புளித்துவிடும், மிச்சத்தை மாலைக்கு வைக்காதீர்கள்.

பூஞ்சை பிடித்ததை என்ன செய்வது?

'குதிரைக்கு வேண்டாம், பக்கத்துக் கொட்டகை மாட்டுக்குத் தள்ளிவிடலாம்' என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டாம்; சினைமாட்டின் கருவே கலையக்கூடும். முகக்கவசம் போட்டு அள்ளி, வாழை மரத்தடியில் கொட்டுங்கள்.