பத்தா தம்பிக்கு அக்காவின் 'இஃப்' டிப்ஸ்

தம்பி, ரியாத் பத்தாவில் கொஞ்சம் இந்தியும் நாலு அரபி வார்த்தையும் இருந்தால் கடை, ரூம், டாக்ஸி எல்லாம் ஓடிவிடும். ஹெச்.ஆருக்கு மெயில் போடும்போதும் கான்ட்ராக்ட்டைப் படிக்கும்போதும்தான் இங்கிலீஷ் தேவைப்படும். அங்கே உன் காசைத் தீர்மானிப்பது பெரும்பாலும் 'இஃப்' வருகிற வரிகள்தான்.

முதலில் ஒன்று. 'இஃப்' இருக்கும் பாதியில் 'வில்' போடாதே. "இஃப் ஹி வில் கம், ஐ வில் கிவ் தி கீ" என்று எழுதுகிறவர்கள் நிறைய. "இஃப் ஹி கம்ஸ், ஐ வில் கிவ் தி கீ" என்பதுதான் சரி. நாமும் 'வந்தால் கொடுப்பேன்' என்றுதானே சொல்கிறோம்? வருங்காலம் 'கொடுப்பேன்' என்பதில் மட்டும் இருக்கிறது.

'இஃப்' வாக்கியத்தின் மற்ற இரண்டு வகையை சவுதி தொழிலாளர் சட்டத்தை வைத்தே படித்துக்கொள், மறக்காது. 84, 85-ஆம் பிரிவுகள் வேலையை விடும்போது கிடைக்கும் சர்வீஸ் பணத்தைப் பற்றியவை. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதம். நீயாக ராஜினாமா செய்தால் அதில் வெட்டு விழும். இரண்டு முதல் ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்தைத் தாண்டினால் மூன்றில் இரண்டு, பத்து வருடம் ஆனால் முழுசும். வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தனி விதி.

இனி வாக்கியம். "இஃப் ஐ ரிசைன் ஆஃப்டர் சிக்ஸ் இயர்ஸ், ஐ வில் கெட் டூ தேர்ட்ஸ்." இது நடக்கக்கூடியது. "இஃப் ஐ ரிசைன்ட் டுடே, ஐ வுட் கெட் ஒன் தேர்ட்." இன்றைக்கு விடப்போவதில்லை, சும்மா கணக்குப் பார்க்கிறாய். "இஃப் ஐ ஹேட் வெயிட்டட், ஐ வுட் ஹேவ் காட் டூ தேர்ட்ஸ்." விட்டாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 2,400 ரியால் சம்பளக்காரன் நாலு வருடம் பத்து மாதத்தில் ராஜினாமா செய்தால் சுமார் 1,930 ரியால் வரும். ஐந்து வருடத்தைத் தாண்டிச் செய்தால் 4,000. இந்த மூன்றாவது வாக்கியத்தை நீ எழுதும்படி ஆகவே கூடாது.

'அன்லெஸ்' வந்தால் நிதானமாகப் படி. "தி கான்ட்ராக்ட் ஷல் பி ரின்யூட் அன்லெஸ் ஐதர் பார்ட்டி கிவ்ஸ் நோட்டீஸ்" என்றிருந்தால், யாரும் நோட்டீஸ் கொடுக்காதவரை கான்ட்ராக்ட் தானாக நீளும். தேதி முடிந்தது, ஊருக்குக் கிளம்பலாம் என்று நினைத்துவிடாதே.

லீவு கேட்கும்போது "இஃப் யூ டோன்ட் கிவ் லீவ்" என்று தொடங்கினால் மிரட்டல் போலக் கேட்கும். "ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அப்ரூவ் மை லீவ்" என்று எழுது. மரியாதையும் இருக்கும், வேலையும் நடக்கும்.

இன்னொன்று முக்கியம். அரபியும் இங்கிலீஷும் சேர்ந்த கான்ட்ராக்ட்டில் இரண்டும் முரண்பட்டால் அரபிதான் செல்லும். அதனால் இங்கிலீஷில் 'இஃப்' இருக்கும் வரியை அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்.

இந்த வெள்ளிக்கிழமை பத்தாவுக்குக் கிளம்பும் முன், அரசின் வேலை ஒப்பந்தத் தளமான 'கிவா'வில் உன் கான்ட்ராக்ட்டைத் திறந்து, 'இஃப்', 'அன்லெஸ்' வரும் வரிகளை நோட்டில் எழுதிக்கொள். புரியாததை அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அனுப்பு.