புற்றுக் காளான்: பறிப்பது முதல் பிரட்டல் வரை

நல்ல மழை பெய்து புழுக்கம் கூடிய மறுநாள் விடியற்காலையில், கிராமங்களில் சிலர் கரையான் புற்றுகளைச் சுற்றிச்சுற்றி வருவார்கள். இடி இடித்தால்தான் காளான் வரும் என்பது ஊர்ப்பேச்சு. இடிக்கு அந்தப் பெருமை சேருமோ என்னவோ, மழை ஈரத்துக்குச் சேரும். கரையான்கள் சருகையும் மரத்தையும் தின்று, மண்ணுக்கடியில் தோட்டம் போட்டு ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. அந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பி வருவதுதான் புற்றுக் காளான். சிப்பிக் காளானைப் போல இதைக் கொட்டகையில் வளர்த்து விற்க முடியாததற்குக் காரணமும் கரையான்தான்.

முதல் வேலை, அடையாளம். குடையின் உச்சியில் முனை போன்ற மேடு இருக்கும். குடையின் அடியிலுள்ள செவுள்கள் வெள்ளையாக இருந்து, முற்றும்போது இளஞ்சிவப்பு ஓடும். இவற்றைவிட முக்கியமானது வேர். ஒரு காளானையாவது குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி முழுசாக எடுக்க வேண்டும். தண்டு வேர்போல நீண்டு கீழே இறங்கிக்கொண்டே போகும். (புற்று ஓட்டைக்குள் கை விடவேண்டாம். உள்ளே பாம்பும் குடியிருக்கலாம்.) அடியில் பை போன்ற உறை இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும், உயிரைப் பறிக்கும் அமானிட்டா இனங்களின் அடையாளம் அது.

தண்டில் வளையம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்வது சரிப்படாது. தென்னிந்தியாவிலிருந்து பூஞ்சை ஆய்வாளர் கே. நடராஜன் 1979இல் விவரித்த 'டெர்மிடோமைசஸ் ஹெய்மி' என்ற புற்றுக் காளானுக்கும் வளையம் உண்டு. புல்தரையில் முளைத்து, தின்றவரைக் கடும் வாந்தியில் தள்ளும் பச்சைச் செவுள் காளானுக்கும் உண்டு. குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க வைத்தால் வித்துத்தூள் படியும். பச்சை படிந்தால் குப்பைக்கு. இளஞ்சிவப்பு படிந்தாலும், பல வருடம் பறித்துப் பழகியவர் ஒருவர் பார்த்த பிறகே அடுப்புக்கு.

வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்ற சோதனைகள் எதற்கும் உதவாது. அமானிட்டா நஞ்சு வேகவைத்தாலும் போகாது. பல மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

பறிக்க ஏற்றது குடை பாதி விரிந்த பருவம். முழுக்க விரிந்துவிட்டால் சீக்கிரமே புழு வைக்கும். பறித்ததை ஓலைக்கூடையிலோ துணியிலோ வைக்கலாம். பாலித்தீன் பையில் வேர்த்து நைந்துபோகும். வித்துத்தூள் சோதனை முடிந்ததும் தாமதிக்காமல் சமைத்துவிடுவது நல்லது.

வேர்ப்பகுதியை நறுக்கிவிட்டு, தண்டில் ஒட்டிய மண்ணைக் கத்தியால் சுரண்டி, மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். ஊறப்போடக் கூடாது. பிறகு கத்தி வேண்டாம்; நீளவாக்கில் கையாலேயே கிழித்தால் கோழிக்கறிபோல நாராக வரும்.

நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் வதங்கியதும் காளானைப் போட வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, அதுவே விடும். அந்தத் தண்ணீர் கொதித்துச் சுண்டும்வரை நன்றாக வேகவிட்டு, வறுத்துப் பொடித்த மிளகு, சீரகம், மல்லியைத் தூவிப் பிரட்ட வேண்டும். மசாலாவைக் கொட்டினால் காளானின் மணம் போய்விடும். குழம்பாக வேண்டுமானால் அரைத்த தேங்காயைக் கடைசியில் சேர்க்கலாம். கேழ்வரகுக் களிக்கு அதுதான் ஜோடி.

முதல் தடவை சாப்பிடுபவர் இரண்டு மூன்று துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். சமைக்காத காளான் ஒன்றை மறுநாள்வரை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவரிடம் காட்ட உதவும்.